பட்டாசுக் கைக்கு விசா வாங்கிய கதை

விசா எடுத்துக் கொடுப்பது என் தொழில். கொடுக்கிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் திட்டு வாங்குகிறவள் மட்டும் சிவகாசியில் இருக்கிறேன்.

வெள்ளைச் சுவர் தேடி அலைந்து போட்டோ எடுத்தவர்களே, சொந்த அப்பாவின் பிறந்த தேதியை ஊகித்து எழுதியவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நானில்லை. கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவள். ஆனால் சாமி கண் திறக்காவிட்டால் சனங்கள் என் கடையில்தான் வந்து நிற்பார்கள்.

காலண்டர் அச்சகம் ஒன்றின் மாடியில் என் கடை. கீழே மிஷின் ஓடினால் மேலே மேசையில் டீ ஆடும். என்னோடு இருப்பது கணேசன் ஒருவன்தான். அதே அச்சகத்தில் பல வருடம் காலண்டருக்குச் சாமி படம் டிசைன் செய்தவன். இப்போது என்னிடம் போட்டோ எடுப்பதும் படிவம் தட்டுவதும் அவன் வேலை. நான் சொல்லப்போகும் நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். அவர்கள் கையில் இன்னும் என் ஃபைல்கள் இருக்கின்றன.

சிரிக்கக் கூடாது, ஜொலிக்கவும் கூடாது

சீனியம்மாள் எம். புதுப்பட்டியிலிருந்து வந்தார். பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. ஒரே மகள் நர்ஸ் படித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்; மாசமாகவும் இருக்கிறாள். எங்கள் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். அவளுக்கு வர முடியாத நிலைமை. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, அவருக்குத் தாயும் இல்லை. ஆகவே தாய்வீடு பிளேன் ஏறிப் போக வேண்டும். "கார்த்திகையில நாள் சொல்லிருக்காக விசாக்கா. வலி வரும்போது நான் அங்கன நிக்கணும். அம்புட்டுதான்" என்றார். ஊரில் எனக்கு அதுதான் பெயர். அவர் என்னைவிட மூத்தவர், நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். அது கடைசிவரை தீரவில்லை. ஆடி மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன்.

விசா போட்டோவில் சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், பின்னால் நிழல் விழக் கூடாது, படத்தில் கை வைக்கவே கூடாது. கணேசன் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒழுங்காகத்தான் எடுத்தான். அப்புறம் கை அரித்திருக்கிறது. தாடையிலிருந்த தீக்காயத் தழும்பை அழித்தான். கன்னத்துக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தான். தலைக்குப் பின்னால் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று மனசு பொறுக்காமல் லேசாக ஓர் ஒளிவட்டமும் போட்டுவிட்டான். "கணேசா, விசா கேட்கிறது சீனியம்மாளா, மகாலட்சுமியா?" என்று நான் குதித்தேன். அவனோ, மொட்டையாக விட்டால் கஸ்டமர் திட்டுவார்கள் என்கிறான். சீனியம்மாள் படத்தை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தம்மா ஏர்போட்டுல எறங்குனா எம்மக 'எங்கம்மா எங்கே'ன்னுல்ல கேப்பா."

தாம்பாளம் இல்லாத அழைப்பு

விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். சீனியம்மாளின் மகள் கேட்ட மறுநாளே அனுப்பிவிட்டாள். அந்த வாரம் அதே நாட்டுக்குப் போக வந்த கோபால்சாமி ஐயா விஷயத்தில்தான் வண்டி குடைசாய்ந்தது. விருதுநகர்ப் பக்கத்துச் சம்சாரி. மிளகாயும் பருத்தியுமாக நல்ல வெள்ளாமை. மகனைப் பார்க்கப் போகிறார். மகன் அனுப்பிய கடிதத்தைக் கணேசன் தமிழில் வாசித்துக் காட்டினான். 'என் தந்தையை அழைக்கிறேன், அவருக்கு உணவும் இடமும் தருகிறேன், காலம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.' ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குக்கூடத் தட்டு வைத்து அழைத்தால்தான் போகிற மனுஷன். பெற்ற மகன் கம்ப்யூட்டரில் அழைக்கிறான், அதுவும் அவரை விட்டுவிட்டு என் கடை மெயிலுக்கு அழைக்கிறான், அழைக்கும்போதே எப்போது கிளம்புவாய் என்றும் சேர்த்துக் கேட்கிறான். எந்த அப்பனுக்குப் பொறுக்கும்?

நான் மகனுக்குப் போன் போட்டேன். அவன் விருதுநகரிலிருக்கும் மாமனாருக்குப் போன் போட்டான். மாமனார் வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு என் கடை மாடிப்படி ஏறினார்கள். என் மேசையில் வைத்து, முறையாக அழைத்தார்கள். அதன் பிறகுதான் ஐயா கையெழுத்துப் போட்டார். அவருக்கு விசா மளமளவென்று வந்துவிட்டது. எதனால் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டா, சிட்டா, பேங்க் பேப்பர் எல்லாம் கன கச்சிதமாக வைத்திருந்தேன். கூடவே, அன்றைக்குப் படியிறங்கப் போனவர் திரும்பி வந்து சொன்னதையும் தட்டாமல் செய்திருந்தேன்: "தட்டு மாத்துனத ஒரு போட்டோ புடிச்சு அந்தக் காயிதத்தோட சேத்து வச்சிரும்மா. நாங்க சும்மா போயி நிக்கலன்னு அவுகளுக்கும் தெரியணும்ல."

வெடிமருந்தில் பயிற்சி உண்டா?

சீனியம்மாளின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆயுதம், வெடிமருந்து, ரசாயனம் இவற்றில் உங்களுக்குப் பயிற்சியோ அனுபவமோ உண்டா? உலகத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகும் கேள்வி. கணேசனும் பழக்கதோஷத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டு, வழக்கம்போல் சத்தமாக வாசித்தான். சீனியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி இல்லைங்குற? அம்புட்டும் இருக்கு" என்று பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பாதுகாப்பாக வேலை செய்வதற்குப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ். லேமினேஷன் போட்டு, மேலே சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே சான்றிதழ் அது. ஊர் உலகமெல்லாம் ஒளித்து வைக்கிற சங்கதியை இந்த அம்மா பூஜையறையில் வைத்திருக்கிறார். 'ஆமாம்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று நான் விளக்கினேன். வெடிமருந்து என்றால் அவர்கள் மனசில் வேறு ஆள் வருவான், வேறு படம் ஓடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த ஊரில் வருசப் பிறப்புக்கு வானமெல்லாம் வேட்டு போடுவதை மகள் வீடியோ அனுப்பியிருக்கிறாள் என்று போனை எடுத்துக் காட்டினார். பிறகு கேட்டார்: "கொளுத்துறவுகளுக்குக் கொண்டாட்டம், செஞ்சு குடுக்குறவ மட்டும் சந்தேகக் கேஸாக்கும்?"

'ஆமாம்' என்றே எழுதினோம். லைசென்ஸ் உள்ள ஆலை, புஸ்வாண வேலை, கொண்டாட்டத்துக்கான பொருள் என்று நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். கணேசன் அதற்குப் பூக்கொடி பார்டர் போட்டிருந்தான். கிழித்துவிட்டு வேறு அடிக்கச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் சொன்னது: "வெடிமருந்துன்னு இருக்கிற பேப்பர்ல ஒரு பூவாவது இருந்தா பாக்கிறவனுக்குப் பயம் தெளியும்க்கா."

விரல் இருக்கிறது, ரேகை இல்லை

கைரேகை வைக்கச் சென்னைக்குப் போக வேண்டும். நானும் கூடப் போனேன். கண்ணாடி மேல் சீனியம்மாள் விரலை வைத்தார். மிஷின் சிவப்பாய் முழித்தது. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. அங்கிருந்த பெண் நல்ல பெண். ஈரத்தாளால் விரலைத் துடைத்துவிட்டாள். தாள் வெள்ளி நிறத்துக்கு மாறியது. இன்னொரு தாள் எடுத்தாள், அதுவும் வெள்ளி. அலுமினியப் பவுடர் அம்மா அது. தீபாவளிக்கு நீங்கள் கொளுத்தும்போது வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறதே, அதுதான் என்று சொன்னேன். துடைத்து முடித்தால் உள்ளே ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. காலமெல்லாம் மருந்தும் காகிதமும் தேய்த்த விரல். ரெண்டு வாரம் அந்த வேலையைத் தொடாமல், எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தால் ரேகை எழும்பலாம் என்றாள்.

ரெண்டு வாரமா! அப்போது ஆவணி. ஆலையில் சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம். ஆர்டர் குவிந்து, லோடு ஏற்ற லாரி நிற்கும். அந்த மாதத்தில் லீவு கேட்பதும் கல்யாணப் பந்தியில் இலையைப் பறிப்பதும் ஒன்று. போர்மேன் என்ன சொல்வாரோ என்று எனக்குத்தான் கவலை. வெளியே வந்ததும், "ஒங்க விரலையே மிஷின் ஒத்துக்கலையே அக்கா, மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரேசன் கடை மிசினும் மாசாமாசம் என்னைய யாருன்னுதான் கேக்குது. அதுக்காக அரிசி வாங்காமயா வந்துட்டேன்?"

திரும்பிப் போவார் என்று நம்பக் காரணமில்லை

ரெண்டு வாரம் வேலையை விட்டு, போர்மேனின் வசவைக் காதில் வாங்காமல், தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்து ரேகையை எழுப்பி, மறுபடி சென்னைக்குப் போய் வைத்துவிட்டு வந்தோம். தீபாவளிக்கு முந்தின வாரம் பதில் வந்தது. விசா இல்லை. வெடிமருந்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுதிய விளக்கத்தை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. அவர்கள் சொன்ன காரணம் வேறு: இவருக்கு நிலம் இல்லை, வங்கியில் இருப்பு இல்லை, வேலைக்கு ஆதாரம் இல்லை, ஆகவே போனால் திரும்பிப் போவார் என்று நம்ப எங்களுக்குக் காரணம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கீழே அச்சகத்து மிஷினுக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது. சீனியம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். போனில் மகள், "விடும்மா, நான் சமாளிச்சுக்கிறேன்" என்றாள். சமாளிக்கிற குரலாக அது இல்லை.

திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? "பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறதா நேர்ந்திருக்கேன், அத விட்டுட்டு அங்கனயே ஒக்காந்திருவேனா?" என்றார். எனக்கு அது போதும். அவர்களுக்குப் போதாதே. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் வேலைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. கடைசியில் நானே ஆலை மேனேஜரின் வீட்டுக்குப் போய் நின்றேன். தீபாவளி முடிந்து ஆலைக்குப் பூட்டு போட்டிருந்த நேரம், மனுஷன் சாவகாசமாக இருந்தார். உட்கார்ந்து எழுதினார். அதைக் கொண்டுவந்து சீனியம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். 'இவர் எங்கள் கம்பெனியின் தூண். இவரைப்போல் கைச்சுத்தமும் நிதானமும் உள்ள ஆள் எங்களிடம் வேறு யாரும் இல்லை. இவர் இல்லாமல் அடுத்த சீசனை நடத்த முடியாது. ஆகவே கட்டாயம் திரும்பி வருவார்.' சீனியம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்: "அடப்பாவி மனுசா, இத எங்கிட்ட ஒருதரம் சொல்லிருந்தா கூலியக் கூட்டிக் கேட்டிருப்பேன்ல!"

மிஷின் கத்தியது

அந்தக் கடிதத்தோடு மறுபடி விண்ணப்பித்தோம், இந்தத் தடவை விசா வந்தது. கார்த்திகை பிறந்து நாளாகிவிட்டது, பிரசவத்துக்குச் சொன்ன தேதி தலைக்கு மேல் நின்றது. கிடைத்த முதல் பிளேனுக்கு டிக்கெட் போட்டேன். தீப்பெட்டி கூடாது, மத்தாப்பு கூடாது, ஊறுகாய் பாட்டில் கையில் கூடாது என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லி அனுப்பினேன். எல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தார். கையில் கொண்டுபோகிற பையை மட்டும் நான் கேட்கவில்லை. வருடக்கணக்காக ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோன அதே பை. ராசியான பை என்று துவைத்து, அதில் பிரசவ லேகியத்தையும் முறுக்கையும் வைத்து எடுத்துவந்துவிட்டார்.

மதுரை விமான நிலையத்தில் அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றேன். சோதனையில் பையைத் துணியால் துடைத்து மிஷினில் வைத்திருக்கிறார்கள். வெடிமருந்து இருக்கிறது என்று மிஷின் கத்திவிட்டது. ஓரமாக நிறுத்தி, முறுக்கை உடைத்துப் பார்த்து, லேகியத்தை மோந்து பார்த்து, போனில் என்னையும் விசாரித்தார்கள். பிளேனுக்கு நேரம் ஓடுகிறது. நான் வெளியே நின்றபடி ஆலை, லைசென்ஸ், புஸ்வாணம், தலைப்பிரசவம் என்று எல்லாவற்றையும் கலந்து உளறினேன். அதிகாரி தமிழர், கடைசியில் விசாவையும் மேனேஜர் கடிதத்தையும் பார்த்துவிட்டுத்தான் சிரித்திருக்கிறார். பையை வாங்கிக்கொள்ளும்போது சீனியம்மாள் அவரிடம் சொன்னது எனக்குப் போனிலேயே கேட்டது: "ஐயா, புண்ணியமாப் போகும், இந்த மிசின எங்க ஊருப்பக்கம் மட்டும் கொண்டாந்துராதீக. அது வாய மூடவே மூடாது."

ஒரு குரல் செய்தி

அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. கணேசன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். முதலில் ஒரு பச்சைக்குழந்தையின் அழுகை. பேத்தி. சுகப்பிரசவம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது; கணேசன் கீழே போய் அச்சகத்துக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து டீ சொல்லிவிட்டு வந்தான். விசாத் தொழிலில் இப்படி ஒரு நாள் வந்தால் அடுத்த நாலு திட்டு உறைக்காது.

அதற்குள் எனக்குத் தொழில் புத்தி. வாழ்த்துச் சொன்ன கையோடு, "ரிட்டர்ன் டிக்கெட்ட பத்திரமா வச்சுக்கோங்க அக்கா, தேதிக்குத் திரும்பி வந்துருங்க, இல்லாட்டி என் பேரு கெட்டுப்போகும்" என்றும் ஒரு செய்தி அனுப்பினேன். பதிலாக வந்த குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. சும்மா பேசுகிற மாதிரிதான் பேசினார்: "நீங்களும் கேட்டுட்டீகளா விசாக்கா? எறங்குன எடத்துல கவுண்டர்ல இருந்தவன் கேட்டான், எப்ப திரும்பிப் போவன்னு. கடுதாசியில கேட்டாக, ஊர்ல கேட்டாக. நானும் வயசுப்பிள்ளையா இருக்கையிலருந்து விடிஞ்சா கம்பெனி வேன்ல ஏறுறேன். சாயங்காலம் திரும்பி வருவியான்னு ஒத்த ஆளு கேட்டதில்ல. எங்கூடப் பொறந்த அக்கா ஒருநா அப்படி ஏறிப்போயி வரவேயில்ல, அன்னைக்கும் காலையில யாரும் கேக்கல. இந்தப் பிளேன்ல ஏறுனதுக்குத்தான் ஒலகமே கேக்குது."

இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் 'திரும்பி வருவதற்கான ஆதாரம்' என்ற இடத்தை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன்; கேள்வியைத் தப்பான வாசலில் நின்று கேட்கிறீர்கள் என்று எழுதத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.